திரையில் விழும் தழும்பு: பழைய டி.வி., மானிட்டர் வைத்திருக்கும் வியாபாரிகள் கவனத்திற்கு

பில் போடும் கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் மானிட்டரில் கட்டங்களும் எழுத்துகளும் மங்கலாகத் தெரிகின்றனவா? கேமரா பார்க்க வைத்திருக்கும் பழைய டி.வி.யில் வேறு படம் போட்டாலும் நடுவில் சிலுவைபோல் ஒரு கோடு நிழலாடுகிறதா? சிலர் இதை வைரஸ் என்று எண்ணிப் பயப்படுகிறார்கள். சிலர் மெக்கானிக்கை அழைத்துச் செலவு செய்கிறார்கள். உண்மையில் இது வைரஸும் அல்ல, வயரிங் கோளாறும் அல்ல. பிக்சர் டியூபின் உட்பூச்சு தேய்ந்து போனதன் அடையாளம். ஆங்கிலத்தில் இதை ஸ்கிரீன் பர்ன்-இன் என்பார்கள். நாம் திரைத் தழும்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

டியூப் டி.வி.யும் டியூப் மானிட்டரும் இன்று கடைகளில் புதிதாக விற்பனைக்கு வருவதில்லை. ஆனாலும் வீட்டில் புது டி.வி. வாங்கியவுடன் பழைய டியூப் செட்டைக் கடைக்கு எடுத்து வந்து கேமராவுக்கு மாட்டியவர்கள் உண்டு. கிடங்கில் பழைய மானிட்டரில் இருப்புக் கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவோரும் உண்டு. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. புதிய ரகத் திரை வாங்க நினைப்பவர்களுக்கும் இதில் ஒரு முக்கியச் செய்தி இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

பிக்சர் டியூப் வேலை செய்யும் விதம்

1897-ல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய குழாயே டி.வி. பிக்சர் டியூபுக்கு மூலம். காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாய். அதன் கழுத்துப் பகுதியில் சூடேறும் ஒரு கேத்தோடு. அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. உயர் மின்னழுத்தம் அவற்றை முன்னோக்கி இழுக்கிறது. வண்ண டியூப்களில் இந்த மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டும். எலக்ட்ரான்கள் முன்பக்கக் கண்ணாடியின் உட்புறம் பூசப்பட்டிருக்கும் பாஸ்பர் என்னும் பொடிப் பூச்சில் மோதுகின்றன. மோதிய இடம் ஒளிர்கிறது. நமது நாட்டு டி.வி. முறையில் இந்தக் கற்றை 625 கோடுகளாகத் திரையை வருடி, ஒரு விநாடிக்கு 25 முழுப் படங்களை வரைகிறது. நம் கண்ணுக்கு அது ஓடும் படமாகத் தெரிகிறது.

பாஸ்பர் பூச்சு அழியாத பொருள் அல்ல. எலக்ட்ரான்கள் மோத மோத அதன் ஒளிரும் திறன் சிறிது சிறிதாகக் குறைகிறது. நீண்ட நாள் அடி வாங்கிய பூச்சு நிறமும் மாறுகிறது. திரை முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்தால் நமக்கு அது தெரிவதில்லை. டி.வி. பழசாகிவிட்டது, கொஞ்சம் மங்கல் என்று விட்டுவிடுகிறோம். ஓர் இடம் மட்டும் அதிகமாகத் தேய்ந்தால்தான் பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டுக் கண் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

கல்லாவுக்கு முன்னால் உள்ள பலகையைப் பாருங்கள். தினமும் காசு எண்ணி வைக்கும் இடம் மட்டும் தேய்ந்து குழிந்திருக்கும். பலகையின் மற்ற பாகம் நன்றாகவே இருக்கும். திரையில் விழும் தழும்பும் அப்படிப்பட்டதுதான். ஒரே நாளில் வந்த விபத்து அல்ல. தினமும் ஒரே இடத்தில் நடந்த செலவு.

தேய்மானத்தின் கணக்கு

இந்தச் செலவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் இடத்தில் மொத்தம் எவ்வளவு எலக்ட்ரான் மோதியது என்பதைப் பொறுத்தே அந்த இடம் தேய்கிறது. ஆகவே கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஒளி. பிரைட்னஸும் கான்ட்ராஸ்டும் ஏற ஏறக் கற்றையின் கரண்ட் ஏறுகிறது. கரண்ட் இரட்டிப்பானால் அதே நேரத்தில் தேய்மானமும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

இரண்டாவது, நேரம். எத்தனை மணி நேரம் அந்தப் படம் நிற்கிறதோ அத்தனை தேய்மானம்.

மூன்றாவது, இடம். படம் அசைந்துகொண்டே இருந்தால் தேய்மானம் பரவிவிடும். அசையாமல் நின்றால் ஒரே இடத்தில் சேரும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கேமரா டி.வி.யை இரவும் பகலும் போட்டு வைத்தால் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஓடுகிறது. கடை திறந்திருக்கும் 13 மணி நேரம் மட்டும் போட்டால், ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துக்கொண்டால், 4,680 மணி நேரம். அத்துடன் கற்றையின் கரண்ட் பாதியாகும் அளவுக்கு ஒளியைக் குறைத்தால், அது முழு ஒளியில் 2,340 மணி நேரம் ஓடியதற்குச் சமம். அதாவது, ஒரு காசு செலவில்லாமல் தேய்மானம் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. இந்த ஒரு கணக்கை மனத்தில் கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

வீட்டு டி.வி.யில் தழும்பு அவ்வளவாக விழாததற்கும் இதுதான் காரணம். அங்கே படம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் நாள் முழுவதும் ஒரே சேனல் ஓடும் டீக்கடை டி.வி.யில், மூலையில் நிற்கும் சேனல் சின்னம் தன் அடையாளத்தை விட்டுவிடக்கூடும்.

உலகம் பட்ட அனுபவம்

1980-ல் ஜப்பானில் வெளியான பேக்-மேன் என்ற வீடியோ விளையாட்டு எந்திரங்களில் இது நன்றாகத் தெரிந்தது. காசு போட்டு ஆடும் எந்திரம் என்பதால் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். உருவங்கள் ஓடும், ஆனால் அவை ஓடும் பாதையின் சுவர்க்கோடுகள் ஒரே இடத்தில் நிற்கும். பல எந்திரங்களில் அந்தக் கோடுகள் டியூபில் பதிந்துபோயின. உள்ளே வேறு விளையாட்டை மாற்றி வைத்தாலும் பழைய பாதை பின்னால் தெரியும்.

1981-ல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பி.சி.யுடன் விற்ற பச்சை மானிட்டரில் ஒளி மெதுவாக அணையும் பாஸ்பர் பயன்பட்டது. கண்ணுக்குப் படம் துடிக்காமல் இருக்க அது உதவியது. ஆனால் அந்த ரகப் பூச்சு எளிதில் தழும்பு ஏற்கக்கூடியது. கணக்கு வேலைக்கு நாள் முழுவதும் ஒரே திரையை வைத்திருந்த அலுவலகங்களில் தலைப்பு வரிகளும் கட்டங்களும் பதிந்தன.

இதற்கு மருந்தாக வந்ததுதான் ஸ்கிரீன் சேவர். 1983 டிசம்பரில் சாஃப்டாக் என்ற அமெரிக்கப் பத்திரிகையில் ஜான் சோக்கா என்பவர் ஒரு சிறு நிரலை வெளியிட்டார். சில நிமிடம் யாரும் விசைப்பலகையைத் தொடாவிட்டால் திரையை இருட்டாக்கிவிடும். 1989-ல் பெர்க்லி சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஆஃப்டர் டார்க் வந்த பிறகு, இருட்டுக்குப் பதில் பறக்கும் டோஸ்டர் போன்ற வேடிக்கைப் படங்கள் ஓடின. தேய்மானத்தைப் பரப்ப வந்த கருவி பிறகு அலங்காரமாகிவிட்டது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். அசையும் ஸ்கிரீன் சேவர் தழும்பைத் தடுக்கும், மின்சாரத்தை மிச்சப்படுத்தாது. டியூப் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மின்சாரம் மிச்சமாக வேண்டுமானால் மானிட்டரே அணைய வேண்டும். அமெரிக்க அரசு 1992-ல் எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கியது. 1993-ல் மானிட்டரைக் கம்ப்யூட்டரே அணைப்பதற்கான பொது விதிமுறையும் வந்தது. அதன் பிறகு வந்த பெரும்பாலான மானிட்டர்களில் இந்த வசதி உண்டு.

கடையில் எங்கெங்கே விழுகிறது

பில் போடும் மானிட்டரில் கடைப் பெயர், பில் எண், பொருள், அளவு, விலை என்ற தலைப்புகள், கட்டக்கோடுகள் ஆகியவை பதியும். பொருளின் பெயரும் தொகையும் பில்லுக்குப் பில் மாறுவதால் பதியாது. எனவே பழைய மானிட்டரை விற்றால் வாங்குபவர் நம் கணக்கைப் படித்துவிடுவாரோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மாறாமல் நின்றது மட்டுமே அங்கே இருக்கும்.

கேமரா டி.வி.யில் நான்கு படங்களைப் பிரிக்கும் கோடுகள், கேமரா எண்கள், தேதி, நேரம் ஆகியவை பதியும். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்டைக் காட்டும் எண் தெளிவாகப் பதிந்திருக்கும். மணி, நிமிடம், விநாடி காட்டும் இடத்தில் எல்லா எண்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து எட்டுபோல ஒரு திட்டாக இருக்கும். எது மாறவில்லையோ அதுதான் தழும்பாகிறது.

இதனால் நஷ்டம் என்ன? வாசல் கேமராவில் ஆள் முகம் தெரிய வேண்டிய இடத்தில் மங்கல் விழுந்தால் வைத்திருப்பதன் பயன் குறைகிறது. பில் திரையில் பழைய கோட்டின் நிழலில் 3-ம் 8-ம் தடுமாறினால் தொகை தவறுகிறது. அவசர நேரத்தில் ஒரு மூட்டைக்கு ஒரு தவறு என்றாலும் அது நம் கைப்பணம்தான்.

எது தழும்பு, எது தழும்பு அல்ல

மெக்கானிக்கை அழைக்கும் முன் நாமே சோதித்துப் பார்க்கலாம்.

செட்டை அணைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் கண்ணாடியைப் பாருங்கள். கடுமையான தழும்பு அணைத்த நிலையிலேயே பழுப்புக் கோடாகத் தெரியும். பிறகு செட்டைப் போட்டு, திரை முழுவதும் ஒரே வெள்ளை அல்லது சாம்பல் நிறம் வரச் செய்யுங்கள். கோடும் எழுத்தும் அதே இடத்தில் மங்கலாக நின்றால் அது தழும்பு.

மூலையில் பச்சையாகவோ ஊதாவாகவோ வண்ணத் திட்டு தெரிந்தால் அது பெரும்பாலும் காந்தத்தின் வேலை. பக்கத்தில் ஸ்பீக்கரோ, ஸ்டெபிலைசரோ, இன்வெர்ட்டரோ இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தள்ளி வைத்து, மானிட்டரில் உள்ள டீகாஸ் பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டீகாஸ் செய்வதால் தழும்பு போகாது.

திரை முழுவதும் மங்கி, போட்டு வெகுநேரம் கழித்தே படம் தெளிந்தால் டியூபின் கேத்தோடு சோர்ந்திருக்கிறது என்று பொருள்.

தடுக்கும் வழிகள்

1. பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் குறையுங்கள். கடை வெளிச்சத்தில் எழுத்து சிரமமின்றித் தெரியும் அளவு போதும். வெயில் திரையில் அடித்தால் ஒளியைக் கூட்டாதீர்கள், மானிட்டரின் திசையை மாற்றுங்கள்.

2. கேமரா டி.வி.யை இரவில் அணையுங்கள். பதிவு செய்வது டி.வி.ஆர். பெட்டி, திரை அல்ல. டி.வி.ஆருக்கும் கேமராவுக்கும் மின்சாரம் இருந்தால் போதும். 70 வாட் எடுக்கும் செட்டை இரவு 11 மணி நேரம் அணைத்தால் மாதம் சுமார் 23 யூனிட் மிச்சம்.

3. கம்ப்யூட்டரின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், 10 நிமிடம் வேலையில்லாவிட்டால் திரை அணையும்படி அமைத்து விடுங்கள்.

4. பில் மென்பொருளில் நிறம் மாற்றும் வசதி இருந்தால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்பதை விட்டு, கண்ணை உறுத்தாத மங்கிய நிறங்களை வையுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேற்றுமை குறைந்தால் தழும்பும் மெதுவாகவே விழும்.

5. கேமரா டி.வி.யில் நான்கு படமாகவே வைக்காமல், ஒவ்வொரு கேமராவாக மாறி வரும்படி டி.வி.ஆரில் அமைக்கலாம். தேதி, நேரம் எழுத்தின் இடத்தையும் அவ்வப்போது மாற்றலாம்.

6. திடீரென்று படம் சுருங்கி நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றால் உடனே செட்டை அணையுங்கள். திரை முழுவதும் பரவ வேண்டிய ஒளி ஒரே கோட்டில் விழுவதால் அந்த இடம் மிக விரைவில் கருகிவிடும். கோளாறு சிறியதாக இருக்கலாம், டியூபைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரிசெய்ய முடியுமா?

முடியாது என்பதே நேர்மையான பதில். தேய்ந்த பூச்சைத் திரும்ப வைக்க வழியில்லை. டியூபைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று மின்சாரம் செலுத்தும் முறை ஒன்று உண்டு. அது சோர்ந்த கேத்தோடுக்குச் சில காலம் பலன் தரலாம். முன்பக்கப் பாஸ்பருக்கு அது ஒன்றும் செய்யாது. எனவே தழும்புக்காக அந்தச் செலவு வேண்டாம்.

திரை முழுவதும் வெள்ளையைப் பல நாள் போட்டு வைத்தால் தழும்பு குறையும் என்றும் சொல்வார்கள். அப்படிச் செய்யும்போது தழும்பு ஆறுவதில்லை. நன்றாக இருந்த இடமும் சேர்ந்து தேய்கிறது, வேற்றுமை கொஞ்சம் குறைகிறது. பலகையில் ஒரு குழி இருக்கிறதென்று முழுப் பலகையையும் இழைப்பது போன்றது அது.

பின்மூடியைத் திறந்து நாமே பார்ப்பது கூடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் உயர் மின்னழுத்தம் தேங்கி நிற்கும். உயிருக்கே ஆபத்து.

வாங்கும்போதும் கழிக்கும்போதும்

செகண்ட் ஹேண்ட் செட் வாங்கும்போது விற்பவர் ஓடும் படத்தைப் போட்டுக் காட்டினால் அதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஓடும் படத்தில் தழும்பு மறைந்துவிடும். மேலே சொன்ன இரண்டு சோதனைகளையும் செய்யுங்கள். பிரைட்னஸ் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உச்சத்தில் வைத்துத்தான் படம் தெரிகிறது என்றால் அந்த டியூபின் ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கிறது. நம்மிடம் வாங்குபவருக்கும் தழும்பு இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்ல வியாபாரம்.

உபயோகம் தீர்ந்த செட்டைக் குப்பையில் போடவோ, தாமிரத்துக்காக உடைக்கவோ விடாதீர்கள். டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உள்ளே காற்று இல்லாததால் உடைத்தால் கண்ணாடி சிதறும். மின்னணுக் கழிவுகளுக்கென்று 2022-ல் வெளியான மத்திய அரசு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிய திரைகளுக்கும் இந்தப் பாடம் உண்டு

டியூப் போய்விட்டது, தழும்பும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பிளாஸ்மா டி.வி.க்களிலும் பாஸ்பர்தான் ஒளிர்ந்தது. அவற்றிலும் தழும்பு விழுந்தது. எல்.சி.டி. திரையில் ஒளி பின்னாலிருந்து வருவதால் இந்த வகைத் தேய்மானம் இல்லை. நீண்ட நேரம் ஒரே படம் நின்றால் சில சமயம் நிழல் தங்கும், பெரும்பாலும் வேறு படம் ஓடினால் மறைந்துவிடும்.

ஓ.எல்.இ.டி. என்ற ரகம் அப்படியல்ல. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. ஒளிர்ந்த அளவுக்குத் தேய்கிறது. ஒளி, நேரம், இடம் என்ற அதே மூன்று கணக்கும் அங்கே பொருந்தும். கடையில் எல்.இ.டி. டி.வி. என்று விற்கப்படுவது பொதுவாகப் பின்னால் எல்.இ.டி. விளக்கு வைத்த எல்.சி.டி.தான். பெயரில் ஓ என்ற ஓர் எழுத்து முன்னால் சேர்ந்தால் பொருள் வேறாகிவிடுகிறது.

ஆகவே விலைப்பலகை, கேமரா, பில் என்று ஒரே படம் நாள் முழுவதும் நிற்க வேண்டிய இடத்திற்குச் சாதாரண எல்.சி.டி. திரையே பொருத்தம். விலையும் குறைவு. ஓ.எல்.இ.டி. தான் வேண்டும் என்றால் பணம் கட்டும் முன் உத்தரவாதப் பத்திரத்தில் பர்ன்-இன் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். பல நிறுவனங்கள் அதற்குப் பொறுப்பேற்பதில்லை.

இன்று இரவு கடை அடைக்கும்போது இரண்டு வேலை செய்யுங்கள். கேமரா டி.வி.யின் பிரைட்னஸைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். டி.வி.ஆர். ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு டி.வி.யை மட்டும் அணைத்துவிட்டுப் பூட்டுங்கள். இதற்குக் காசு செலவில்லை. திரையின் ஆயுளும் மின்கட்டணமும் இரண்டும் மிச்சம்.